மூணு ஈ.சி.ஜி. எடுத்த பிறகுதான் மனநல டாக்டரிடம் போகணுமா?

பாபநாசத்தில் ஏறி தஞ்சாவூர் போகிற பேருந்தில், ராஜகிரி தாண்டியதும் எனக்கு நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. சும்மா அடிக்கவில்லை, பக்கத்து சீட்டுக்காரருக்கே கேட்டுவிடுமோ என்கிற அளவுக்கு. கை வியர்த்து முன்சீட்டுக் கம்பி வழுக்குகிறது, மூச்சு பாதியிலேயே நின்றுவிடுகிறது, விரல் நுனியெல்லாம் மரத்துப் போகிறது. ஐயம்பேட்டையில் இறங்கி ஒரு மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்து, "அண்ணே, எனக்கு அட்டாக்கு வந்துடுச்சு, ஒரு ஆட்டோ கூப்பிடுங்க" என்றேன். பாவம் அவர், கல்லாவைக்கூடப் பூட்டாமல் ஓடினார்.

ஈ.சி.ஜி. சுத்தமாக இருந்தது. "ஒண்ணுமில்ல சார், டென்ஷன். ரெஸ்ட் எடுங்க." அடுத்த மூன்று மாதத்தில் இன்னும் இரண்டு ஈ.சி.ஜி., ஒரு எக்கோ. எல்லாம் நார்மல், நான் மட்டும் நார்மல் இல்லை. பேருந்து ஏறுவதையே விட்டுவிட்டேன். ஜெராக்ஸ் கடைக்குப் பேப்பர் வாங்கக்கூட ஆள் அனுப்பினேன். சட்டைப்பையில் நாக்குக்கு அடியில் வைக்கிற இதய மாத்திரை ஒன்று எப்போதும் இருந்தது, அப்பாவின் அட்டையிலிருந்து கிழித்தது (தப்பு, யாரும் செய்யாதீர்கள்).

"ஒண்ணுமில்ல" என்பதுதான் இந்த விஷயத்திலேயே மோசமான வார்த்தை. ஒன்றுமில்லை என்றால் நான் ஏன் மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்திருந்தேன்? அக்கா மகள் அப்போது கிளினிக்கல் சைக்காலஜியில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தாள். பொங்கலுக்கு வந்தவள் என் கதையைப் பாதி கேட்டதுமே, "மாமா, இதுக்குப் பேர் இருக்கு, செய்முறையும் இருக்கு, மூணு மாசமா நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்றாள். அவள் கொடுத்ததைப் படித்தும், நானே நோயாளியாகப் போய் வந்தும், அப்புறம் சொந்தத்தில் நாலைந்து பேரை அழைத்துக்கொண்டு அலைந்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. வழி விசாரித்து வைத்திருக்கிற ஆள், அவ்வளவுதான்.

எல்லோரும் என்னிடம் கேட்பது, "எந்த சிகிச்சை நல்லது, யார் கைராசிக்காரர்?" கேள்வியே சரியில்லை. எனக்கு இருப்பது எது, அதற்கு அந்த அறையில் என்ன செய்வார்கள், வீட்டுக்கு வந்து நான் என்ன செய்யணும். கேட்க வேண்டியது இந்த மூன்றும்தான்.

முதலில் உடம்பு, ஆனால் ஒரே தடவை

மனசு சம்பந்தப்பட்டது என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். தைராய்டு ஏறினாலும் படபடக்கும், இறங்கினாலும் சோர்ந்து சோர்ந்து வரும். ரத்தசோகை, பி12 குறைவு, சர்க்கரை திடீரென்று இறங்குவது, இதெல்லாம் மனநோய் வேஷம் போடும். நெஞ்சு வலி முதல் தடவை வந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும், அதில் பேச்சே இல்லை. ஆனால் ஒரு தடவை முழுசாகப் பார்த்து, "இதயம் நன்றாக இருக்கிறது" என்று டாக்டர் சொன்ன பிறகு அதே பரிசோதனையைத் திரும்பத் திரும்ப எடுப்பது நோயைத் தேடுவது இல்லை, பயத்துக்குத் தீனி போடுவது. நான் மூன்று தடவை போட்டேன்.

யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட், எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநல மருத்துவம் படித்தவர். மாத்திரை எழுத முடியும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மாத்திரை எழுத மாட்டார், பேச்சு சிகிச்சை கொடுப்பார். அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்கணும், ஆர்.சி.ஐ. என்பார்கள், அதற்கு 1992-இல் போட்ட தனிச் சட்டமே இருக்கிறது. பதிவு எண் கேட்டால் கோபப்படுகிறவரிடம் போகாதீர்கள். கவுன்சிலர் என்பது வேறு. நல்ல கவுன்சிலர்களும் இருக்கிறார்கள், வார இறுதியில் இரண்டு நாள் வகுப்புக்குப் போய்விட்டு போர்டு மாட்டினவர்களும் இருக்கிறார்கள்.

நான் முதலில் போய் விழுந்தது அந்த இரண்டாவது வகையிடம். ஊர் பேர் வேண்டாம். ஐம்பது நிமிடத்தில் நாற்பது நிமிடம் அவர்தான் பேசினார், அவர் எப்படிக் கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தார் என்று. கடைசியில் "பாசிட்டிவா நினைங்க" என்று சொல்லி, பத்து சிட்டிங்குக்கு மொத்தமாக முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றார். கட்டினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

காசு இல்லாதவர்களுக்கு தஞ்சாவூர், திருச்சி, திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர்கள் தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வருவார்கள், உங்கள் ஊருக்கு என்ன கிழமை என்று ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸிடம் கேட்டாலே தெரியும். வீட்டை விட்டு வெளியே வரவே முடியாதவர்கள் 14416-க்குப் போன் போடலாம், டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்தது, தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: எனக்கு இருப்பது என்ன என்று நினைக்கிறீர்கள், இதற்கு என்ன முறை, சுமார் எத்தனை தடவை வரணும், சரியாகவில்லை என்றால் எப்போது தெரியும்? டாக்டரைக் கேள்வி கேட்பதா என்று நம் ஊரில் கூச்சம். டிராக்டர் வாடகைக்கு எடுக்கும்போது மணிக்கு எவ்வளவு, எத்தனை சால் ஓட்டுவே என்று கேட்கிறோம் இல்லையா.

படபடப்பு: அறையில் என்னை ஓட விட்டார்கள்

எனக்கு இருந்தது பேனிக், அதாவது திடீர்ப் பீதி. இங்கிலாந்தில் டேவிட் கிளார்க் என்கிற உளவியலாளர் 1986-இல் இதை ஒரு வட்டமாக வரைந்து காட்டினார். உடம்பில் ஏதோ ஒரு சின்ன மாற்றம், இரண்டு டிகிரி காபியால் கூட இருக்கலாம். அதை மனசு "அட்டாக்கு" என்று படிக்கிறது. அந்தப் பயத்தில் அட்ரினலின் ஏறுகிறது, நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கிறது, "பாத்தியா, அட்டாக்கேதான்" என்று மனசு உறுதி செய்துகொள்கிறது. வட்டத்தை வெட்டுகிற இடம் நெஞ்சு இல்லை, மனசு அதைத் தப்பாகப் படிக்கிற அந்த இடம்.

சரி, எப்படி வெட்டுவது? அந்தக் கவுன்சிலரை விட்டுவிட்டு நான் போனது ஒரு சைக்காலஜிஸ்ட் அம்மாவிடம். முதல் இரண்டு வாரம் அவர் என்னை எழுதத்தான் சொன்னார். மூன்றாவது வாரம் கதவைச் சாத்திவிட்டு, "எழுந்து நின்ன இடத்துலயே ஒரு நிமிஷம் ஓடுங்க சார்" என்றார். நாற்பத்திரண்டு வயசு, வேட்டி. ஓடினேன். நெஞ்சு அடித்தது. அப்புறம் ஸ்ட்ரா ஒன்றைக் கொடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு அதன் வழியாக மட்டும் மூச்சு விடச் சொன்னார். அப்புறம் சுழல்நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றினார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு தாளில் என்ன நடக்கும் என்று நான் எழுதணும். "மயங்கி விழுவேன்" என்று எழுதினேன். விழவில்லை. "ரத்த அழுத்தம் ஏறுறப்ப மயக்கம் வர்றது கஷ்டம் சார், பயத்துல அது ஏறத்தான் செய்யும்" என்றார். மூன்று மாதமாக எந்த டாக்டரும் எனக்குச் சொல்லாத வாக்கியம் இது. (ரத்தத்தையும் ஊசியையும் பார்த்து மயங்குகிறவர்கள் தனி ரகம், அவர்களுக்கு அழுத்தம் நிஜமாகவே இறங்கும், முறையும் வேறு.)

அடுத்தது பேருந்து. முதல் வாரம் பாபநாசத்திலிருந்து ராஜகிரி வரைக்கும், தினமும் போய்த் திரும்பணும். இரண்டாவது வாரம் ஐயம்பேட்டை. மூன்றாவது வாரம் தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையம். விதி ஒன்றே ஒன்று: படபடப்பு வந்தால் இறங்கக் கூடாது. தண்ணீர் பாட்டில், வாசல் பக்க சீட்டு, போனில் மனைவியிடம் பேசிக்கொண்டே போவது, அந்த நாக்கடி மாத்திரை, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றணும், ஏனென்றால் இவை கையில் இருக்கும்வரை "இது இருந்ததால்தான் பிழைத்தேன்" என்று மனசு கணக்கு எழுதிக்கொள்ளும். மாத்திரையை விடத்தான் எனக்கு ரொம்ப நாள் ஆனது. ஐயம்பேட்டை நிறுத்தத்தில் ஒரு தடவை இறங்கியே விட்டேன். மறுநாள் திரும்ப ஏறச் சொன்னார், அதற்குத் திட்டவில்லை.

ஒன்று சொல்லணும். இந்த முறையில் வருகிற மூச்சுப் பயிற்சி, தியானம் எல்லாவற்றையும் படபடப்பை அமுக்குகிற கருவியாக வைத்துக்கொண்டால் அதுவும் அந்த மாத்திரை மாதிரிதான் ஆகிவிடும். யோகா நல்லதுதான். பேருந்துக்குள் ஒளிந்துகொள்கிற இடமாக அதை ஆக்காதீர்கள்.

கை கழுவுகிற அத்தை

எங்கள் அத்தை ஒருத்தர், கும்பகோணம் பக்கம். அரிசி களைகிற பாத்திரத்தை ஏழு தடவை கழுவுவார். மாமா வயலிலிருந்து வந்தால் கொல்லைப்பக்கமாக வந்து குளித்துவிட்டுத்தான் உள்ளே வரணும். சில்லறைக் காசைத் தண்ணீரில் போட்டுத்தான் எடுப்பார். எல்லோரும் "அவங்க ரொம்ப ஆசாரம், மடி" என்று பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தோம். பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றி ஊற்றி விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண் வந்தபோதுதான் சந்தேகம் வந்தது.

ஆசாரத்துக்கும் நோய்க்கும் கோடு எங்கே? அந்த சைக்காலஜிஸ்ட் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது: "உங்க தெருவுலயே ரொம்ப மடியா இருக்கிறவங்க யாரு? அவங்க எத்தனை தடவை கழுவுவாங்க?" அத்தை யோசித்து, "ஒரு தடவை" என்றார். சாஸ்திரம் ஒரு தடவையோடு நிற்கிறது, மனசு நிற்கவில்லை என்றால் அது வேறு சமாச்சாரம்.

ஓ.சி.டி. என்கிற இந்த நோய்க்கான முறை, லண்டனில் விக்டர் மேயர் என்கிற உளவியலாளர் 1966-இல் இரண்டு நோயாளிகளிடம் செய்து பார்த்து எழுதியதிலிருந்து வளர்ந்தது. பயப்படுகிற பொருளைத் தொடணும், தொட்டுவிட்டுக் கழுவக் கூடாது. கேட்பதற்குக் கொடுமை மாதிரி இருக்கும். ஆனால் யாரும் அத்தையைச் சாக்கடையில் கை விடச் சொல்லவில்லை. அத்தையே பட்டியல் போட்டார், கதவுத் தாழ்ப்பாள் பத்துக்கு இரண்டு, பேருந்துக் கம்பி ஐந்து, மாமாவின் வயல் துண்டு ஒன்பது. தாழ்ப்பாளிலிருந்து ஆரம்பித்தார்கள். தொட்டுவிட்டுக் கழுவாமல் உட்கார்ந்திருக்கும்போது பதற்றம் ஏறும், ஏறிக்கொண்டேயும் போகாது, ஒரு கட்டத்தில் தானே இறங்கும், சில நாள் இறங்காமலும் இருக்கும், ஆனால் கழுவாமலும் இருக்க முடிகிறது என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். கூடவே மனநல மருத்துவர் மாத்திரையும் கொடுத்தார்.

இதில் பாதி வேலை வீட்டுக்காரர்களுடையது. "கை படலைல? படலைல?" என்று அத்தை கேட்டுக்கொண்டே இருப்பார், மாமா "படலை, படலை" என்று நாளைக்கு நூறு தடவை சொல்வார், பாசத்தில்தான். அந்த பதிலும் ஒரு கழுவல்தான். மாமாவுக்குக் கற்றுக்கொடுத்த வாக்கியம்: "இதுக்கு நான் பதில் சொல்லக் கூடாதுன்னு நாம பேசி வச்சிருக்கோம்ல, வா, காபி குடிப்போம்." முதல் பத்து நாள் வீட்டில் ரணகளம். சண்டை, அழுகை, ஒரு நாள் சாப்பாடே இல்லை. ஐந்து மாதம் ஆனது, முழுசாகப் போகவில்லை, ஆனால் மாமா இப்போது வாசல் வழியாக வருகிறார்.

கஜாவுக்குப் பிறகு கயிற்றுக்கட்டிலை விட்டு எழாதவர்

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தது. பேராவூரணி, பட்டுக்கோட்டை பக்கமெல்லாம் தென்னை வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கன்று வைத்தால் காய்க்க வருஷக் கணக்கில் ஆகும். பெரியப்பா ஒருவர் கயிற்றுக்கட்டிலில் படுத்தவர்தான். குளிப்பதில்லை, டீக்கடைக்குப் போவதில்லை, "மனசு சரியானதும் போறேன்" என்பார். நாங்களும் "மனசைத் தேத்திக்குங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். தேற்றிக்கொள்ள முடிந்தால் அவர் ஏன் படுத்திருக்கிறார்?

மனச்சோர்வுக்கு உள்ள முறைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதைத் தலைகீழாகப் போடுகிறது. மனசு வந்த பிறகு செய்வது இல்லை, செய்தால்தான் மனசு வரும். பீட்டர் லூயின்சன் என்கிற அமெரிக்க உளவியலாளர் 1970-களில் இந்த வழியில் யோசித்தார். எண்ணத்தைத் திருத்துகிற ஆரோன் பெக்கின் சிந்தனைச் சிகிச்சையில் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று 1996-இல் நீல் ஜேக்கப்சன் பிரித்துப் பார்த்தபோது, சிந்தனையை நோண்டாமல் செயலை மட்டும் கூட்டிய பகுதியே முழு சிகிச்சைக்குச் சமமாக வேலை செய்தது. நம் நாட்டுக்கு இது ஏன் முக்கியம் என்றால், இதைச் சொல்லிக்கொடுக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. கோவாவில் விக்ரம் படேலும் கூட்டாளிகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதைச் செய்து, 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். மொத்தம் 493 பேர். மனநலப் படிப்பு இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆட்கள் ஆறிலிருந்து எட்டு தடவை சந்தித்தார்கள். மூன்று மாதம் கழித்து, அது கிடைத்தவர்களில் 64 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு விலகியிருந்தது, வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 39 சதவீதம்.

ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய வாசலில் பெஞ்சு போட்டு உட்காரவைத்தார். அந்த ஊரில் இந்த நோய்க்கு வைத்திருக்கிற பேருக்கு "அதிகமாக யோசிப்பது" என்று அர்த்தமாம். நம் ஊரிலும் "அவருக்கு யோசனை ஜாஸ்தி" என்றுதானே சொல்கிறோம்.

பெரியப்பாவிடம் செய்தது இதுதான். காலண்டர் தாளின் பின்பக்கம், ஒரு வாரத்துக்கு, எந்த மணிக்கு என்ன செய்தார், மனசு பத்துக்கு எத்தனை. பெரும்பாலும் "படுத்திருந்தேன், 1." ஒரே ஒரு இடத்தில் "பேத்திக்கு பென்சில் சீவினேன், 3." அந்த மூன்றைப் பிடித்துக்கொண்டார்கள். மறுவாரம் பேத்தியைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடணும், காலை எட்டே முக்காலுக்கு, மனசு இருந்தாலும் இல்லாவிட்டாலும். அப்புறம் டீக்கடை, ஐந்து நிமிடம், பேச வேண்டாம், உட்கார்ந்தால் போதும். இதில் "பிடித்ததைச் செய்யுங்கள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது வேலைக்கு ஆகாது. எந்த நாள், எத்தனை மணி, எங்கே, யாரோடு என்று எழுதணும்.

இதெல்லாம் கூட்டுறவு வங்கிக் கடனை அடைக்காது. அதற்கும் ஒரு பங்கு நேரம் ஒதுக்கி, எந்தக் கடன் முதலில், நிவாரண மனு எங்கே நிற்கிறது, யாரைப் பார்க்கணும் என்று தாளில் போட்டுப் பிரித்தார்கள். கோவா திட்டத்திலும் இந்தப் பிரச்சினை தீர்க்கும் பகுதி உண்டு. கடன்காரரிடம் வெறும் தியானம் பற்றிப் பேசுகிற சிகிச்சை எனக்கு எரிச்சலூட்டும்.

மற்றவை, சுருக்கமாக

புயல், விபத்து, திடீர்ச் சாவு நடந்த மறுநாளே ஆட்களை வட்டமாக உட்காரவைத்து "என்ன நடந்தது, ஒவ்வொருத்தரா சொல்லுங்க" என்று கிளறுவது உதவாது, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அப்போது தேவை தார்ப்பாய், தண்ணீர், காணாமல் போனவரைப் பற்றிய தகவல், பேச விரும்பினால் கேட்க ஒரு ஆள். ஒரு மாதம் தாண்டியும் அதே காட்சி கனவில் வந்து எழுப்பினால், கடற்கரைப் பக்கமே போக முடியவில்லை என்றால், அப்போது அதற்கென்று முறை இருக்கிறது, நடந்ததைப் பாதுகாப்பாகத் திரும்ப எதிர்கொள்ள வைக்கிற, எட்னா ஃபோவா வளர்த்தெடுத்தது ஒன்று, கண் அசைவோடு செய்கிற ஈ.எம்.டி.ஆர். இன்னொன்று. பயிற்சி பெற்றவரிடம் மட்டும்.

தூக்கம் வராதவர்கள் படுக்கையில் புரளாதீர்கள். தூக்கம் வந்தால் மட்டும் படுங்கள், வராவிட்டால் எழுந்து திண்ணைக்குப் போங்கள், எத்தனை மணிக்குத் தூங்கினாலும் எழுவது ஒரே நேரம், பகல் தூக்கம் கட். மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் பரிந்துரைக்கிறார்கள்.

குடிக்கிறவரை "நாளையிலிருந்து நிறுத்து" என்று அறையில் பூட்டாதீர்கள். வருஷக் கணக்காக தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், உளறல் வரலாம், உயிருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரியில்தான் நிறுத்தணும். அதற்கு அப்புறம் பேசுகிற முறையில், வில்லியம் மில்லர் 1983-இல் எழுதியது எனக்குச் சரியாகப்படுகிறது: நீங்கள் எவ்வளவு வாதாடுகிறீர்களோ அவ்வளவு அவர் எதிர்வாதம் செய்வார், நிறுத்துவதற்கான காரணம் அவர் வாயிலிருந்து வரணும்.

காதில் குரல் கேட்பது, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அசைக்க முடியாமல் நம்புவது, நாலு நாள் தூங்காமல் ஊரையே வாங்கப்போவதாகப் பேசுவது, இவற்றுக்கு முதலில் மனநல மருத்துவரும் மருந்தும். பேச்சு சிகிச்சையும் குடும்பத்துக்கான பயிற்சியும் அதோடு சேர்ந்துதான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன, விளம்பரத்தை எப்படிப் படிப்பது

ஹான்ஸ் ஐசெங்க் என்கிற உளவியலாளர் 1952-இல் ஒரு குண்டு போட்டார். சிகிச்சை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மூன்றில் இரண்டு பேர் இரண்டு வருஷத்தில் தானே சரியாகிவிடுகிறார்கள், பிறகு எதற்கு இந்தப் பேச்சு என்றார். அவர் கணக்கில் ஓட்டைகள் இருந்தன, ஆனால் அந்தக் கோபத்தில்தான் ஒழுங்கான ஆய்வுகள் பெருகின. மேரி லீ ஸ்மித்தும் ஜீன் கிளாஸும் 1977-இல் சுமார் 375 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சிகிச்சை எடுத்த சராசரி ஆள், எடுக்காதவர்களில் முக்கால்வாசிப் பேரைவிட நன்றாக இருந்தார். எந்த சிகிச்சை முறை உசத்தி என்று பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதற்கு இரண்டு வருஷம் கழித்து எட்வர்ட் போர்டின் சொன்னார்: சிகிச்சை கொடுப்பவருக்கும் எடுப்பவருக்கும் இலக்கு ஒன்றா, வழி ஒப்புகிறதா, ஒரு பிணைப்பு இருக்கிறதா, இதில்தான் விஷயம் இருக்கிறது.

அப்படியானால் எதற்குப் போனாலும் ஒன்றா? மனச்சோர்வுக்கு ஓரளவு அப்படித்தான். ஆனால் பேனிக், ஓ.சி.டி. மாதிரி விஷயங்களில் பயந்ததை நேரில் சந்திக்க வைக்காமல் மாதக்கணக்கில் இனிமையாகப் பேசிக்கொண்டே இருந்தால் நகராது என்பதுதான் என் கருத்து, அத்தை வீட்டில் பார்த்ததும் அதுதான்.

"95 சதவீதம் வெற்றி" என்று போர்டு பார்த்தால் கேளுங்கள்: யாரோடு ஒப்பிட்டு? காத்திருப்போர் பட்டியலில் வைத்தவர்களோடு ஒப்பிட்டால் எந்த சிகிச்சையும் பெரிதாகத் தெரியும், ஏனென்றால் காத்திருப்பவர், "எப்படியும் நம்ம முறை வரும்" என்று வேறு எதையும் செய்யாமல் இருப்பார். பாதியில் நின்றவர்களைக் கணக்கில் சேர்த்தார்களா? ஒரு வருஷம் கழித்துப் பார்த்தார்களா?

கென்னத் ஹோவர்டும் கூட்டாளிகளும் 1986-இல் எழுதிய கணக்குப்படி எட்டு அமர்வுக்குள் ஏறக்குறைய பாதிப்பேருக்கு முன்னேற்றம் தெரிகிறது, 26-க்குள் முக்கால்வாசிப்பேருக்கு. நூற்றில் ஐந்திலிருந்து பத்துப்பேர் சிகிச்சையின்போதே மோசமாகவும் ஆகிறார்கள், அதை சிகிச்சை கொடுப்பவர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அதனால் நீங்களே அளந்துகொள்ளுங்கள். மனச்சோர்வை அளக்க பி.எச்.க்யூ-9 என்று ஒன்பது கேள்வி இருக்கிறது, தமிழிலும் கிடைக்கிறது, அதிகபட்ச மதிப்பெண் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் யாரையாவது பார்க்கணும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போட்டுத் தேதியோடு எழுதுங்கள். ஆறு, எட்டு தடவை போயும் எண் அசையவில்லை என்றால் சண்டை போட வேண்டாம், தாளைக் காட்டி "என்ன மாத்தலாம்?" என்று கேளுங்கள். நல்லவர் சந்தோஷப்படுவார்.

கோயிலும் தர்காவும்

குணசீலத்தில் ஒரு மண்டலம் இருந்தோம், நாகூரில் தங்கினோம், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டோம் என்பதைச் சொல்ல யாரும் கூச வேண்டாம், டாக்டரிடமும் சொல்லுங்கள். 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றைப் பற்றி ரகுராமும் கூட்டாளிகளும் எழுதினார்கள். கடும் மனநோயோடு வந்து தங்கிய 31 பேரின் நோய்க்குறி மதிப்பெண் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சின்ன ஆய்வு, கோயில்தான் குணப்படுத்தியது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் திட்டாத, கட்டிப்போடாத, குடும்பம் கூடவே இருக்கிற ஒரு இடம் கொஞ்சம் நிம்மதி கொடுக்கும் என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்கிற இடத்தில் தங்காதீர்கள். சங்கிலியைப் பார்த்தால் திரும்பி வந்துவிடுங்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடி தர்கா பக்கத்து மனநோயாளிகள் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது சங்கிலியோடு எரிந்துபோனவர்கள் 28 பேர்.

சாவைப் பற்றிப் பேச்சு வந்தால்

"நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்று ஒருவர் சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். நேராகக் கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பதில் ஆமாம் என்றால் தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி, அல்லது 14416-க்கோ 104-க்கோ போன். நம் பகுதியில் இன்னொன்றும் செய்யணும், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காதீர்கள். கடலூர் மாவட்டக் கிராமங்களில் லட்சுமி விஜயகுமாரும் கூட்டாளிகளும் ஊருக்குப் பொதுவாக ஒரு கட்டடம், ஆளுக்கொரு பூட்டு அலமாரி என்று வைத்துப் பார்த்தார்கள், விவசாயிகள் ஏற்றுக்கொண்டார்கள். ஆத்திரத்தின் அந்தக் கொஞ்ச நேரத்துக்கும் மருந்துக்கும் நடுவில் ஒரு பூட்டு இருக்கணும். முயன்று பிழைத்தவர்மேல் போலீஸ் கேஸ் வரும் என்று பயந்து ஆஸ்பத்திரியைத் தவிர்க்காதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளணும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அதே சட்டப்படி உங்கள் விவரத்தைச் சம்மந்தி வீட்டுக்கோ பக்கத்து வீட்டுக்கோ டாக்டர் சொல்லக் கூடாது, வரன் பார்க்கிற வயசில் பிள்ளை இருக்கிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

கிளம்புவதற்கு முன்னால்

அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு காலையில்தான், எட்டு மணிக்கு முன்பே போய்விடுங்கள், சாப்பாடு கட்டிக்கொண்டு போனால் நல்லது. தினமும் உங்களைப் பார்க்கிற ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள், ஆனால் பத்து நிமிடமாவது தனியாகப் பேசணும் என்று கேளுங்கள். எப்போது ஆரம்பித்தது, எதனால் கூடுகிறது, எதைச் செய்ய முடியாமல் போயிற்று, மூன்றையும் அரைப் பக்கத்தில் எழுதி எடுத்துப் போங்கள், அங்கே போனால் எல்லாம் மறந்துவிடும். இப்போது சாப்பிடுகிற மாத்திரை அட்டைகள், நாட்டுமருந்து உட்பட, ஒரு பையில். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டிலிருந்து நாலு வாரம் ஆகும், மூன்றாம் நாளே "கேக்கலை" என்று தூக்கிப் போடாதீர்கள், நன்றாகிவிட்டது என்று நீங்களாகவும் நிறுத்தாதீர்கள். அடுத்து வர வேண்டிய தேதியைக் கேட்காமல் எழுந்து வராதீர்கள். பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் அந்த மூன்று ஈ.சி.ஜி.யையும் எடுத்துப் போனதால்தான் நாலாவது எடுக்கச் சொல்லவில்லை.